அம்மா சனிக்கிழமை வருகிறார்: தில்லியில் எங்கே சாப்பிட அழைத்துச் செல்வது?

பினாங்குப் பெண்: வணக்கம். வேலைக்காகப் பினாங்கிலிருந்து வந்து 18 நாள்கள் ஆகின்றன. விடுதியில் அடுப்பு மூட்ட அனுமதியில்லை. காலையில் ரொட்டியும் ஊறுகாயும், இரவில் ரொட்டியும் பருப்பும்தான். சனிக்கிழமை அம்மாவும் தம்பியும் வருகிறார்கள். கோயித்தியாவ் எனும் தட்டையான அரிசி நூடுல்ஸைச் சாப்பிட்டே வளர்ந்த அம்மாவுக்கு அதற்கு நெருக்கமாக ஏதாவது வேண்டும். தம்பி பாஸ்தா கேட்கிறான். ஆசிய உணவுக்கும் இத்தாலிய உணவுக்கும் இங்கே தனிப் பேட்டைகள் உண்டா? என் நிலை அம்மாவுக்குத் தெரியாது. நன்றாகச் சாப்பிடுவதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

கரோல்பாக் பெரியவர்: மகளே, முதலில் அந்த விடுதியை விட்டு வெளியேறுங்கள். நான் 1983-இல் இங்கே வந்தபோது, மண்ணெண்ணெய் அடுப்பில் சாதம் வடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியைப் பிசைந்தே நான்கு மாதங்களை ஓட்டினேன். ராமகிருஷ்ணபுரத்தில் அறை பாருங்கள். மலை மந்திர் எனும் முருகன் கோயிலும் தில்லித் தமிழ்ச் சங்கமும் அங்கேதான் இருக்கின்றன. அம்மாவை ஜன்பத் சரவண பவனுக்கு அழைத்துச் சென்றால் போதுமே.

முனிர்க்கா அக்கா: ஐயா, அவர் கேட்டது இட்லி அன்று. தங்கையே, தில்லியில் இத்தாலியர் பேட்டை என்று எதுவும் கிடையாது. பாஸ்தா கடைகள் கான் மார்க்கெட், கிரேட்டர் கைலாஷ் போன்ற வசதியான கடைத்தெருக்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் 1959-க்குப் பின் அகதிகளாக வந்த திபெத்தியர்கள் யமுனைக் கரையோரம் குடியேறிய மஜ்னு கா டிலா இருக்கிறது. அங்கே லாஃபிங் விற்பவர், பாசிப்பயற்று மாவிலிருந்து செய்த வழவழப்பான தகட்டை நறுக்கி, பூண்டுத் தண்ணீரும் சோயா சாறும் ஊற்றி, சிவக்கச் சிவக்க மிளகாய் எண்ணெயை மேலே விடுவார். முதல் வாயிலேயே மூக்கில் நீர் வரும். உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சி மாணவன்: அவ்வளவு தூரம் எதற்கு? சப்தர்ஜங் என்கிளேவை ஒட்டிய ஹுமாயுன்பூருக்குப் போங்கள். நாகர், மணிப்பூரியர், நேபாளியர் கடைகளோடு கொரிய உணவும் ஒரே சந்துக் கூட்டத்தில் கிடைக்கும். நாகர் கடையில் அகுனி எனும் புளிக்கவைத்த சோயா போட்ட பன்றிக்கறி கேளுங்கள். பெலாச்சான் எனும் புளித்த இறால் விழுதின் வாடை பழகியவருக்கு அது அந்நியமாக இராது.

கரோல்பாக் பெரியவர்: வாடை என்றதும் நினைவு வருகிறது. நான் கருவாடு பொரித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்காரர் என்னைக் காலி செய்யச் சொன்னார்.

ஆராய்ச்சி மாணவன்: எனக்கு அறை தரும்போதே, "முட்டைகூட ஆகாது, செவ்வாய்க்கிழமை வெளியிலும் தின்னாதே" என்றார்கள். வாடகையை மட்டும் ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

முனிர்க்கா அக்கா: வீட்டுக்காரர் கதையைத் தொடங்கினால் சனிக்கிழமை வந்துவிடும். தங்கையே, நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள், அம்மா அசைவம் சாப்பிடுவாரா என்ற இரண்டையும் சொல்லவே இல்லையே?

பினாங்குப் பெண்: மன்னியுங்கள். குருகிராமில், மெட்ரோவுக்கு அருகில் இருக்கிறேன். இது புரட்டாசி என்பதால் அம்மா மாதம் முழுவதும் சைவம், முட்டையும் கிடையாது. பூண்டு, வெங்காயம் பரவாயில்லை.

ஆராய்ச்சி மாணவன்: அப்படியானால் நான் சொன்ன பன்றிக்கறியை மறந்துவிடுங்கள்.

முனிர்க்கா அக்கா: மஞ்சள் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமலே விதான் சபா நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து ஆட்டோவில் மஜ்னு கா டிலா பக்கம்தான், கிளம்பும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். லாஃபிங்கும், காய்கறி மோமோவும், ஆவியில் வெந்த டிங்மோ ரொட்டியும் சொல்லலாம். துக்பா எனும் நூடுல்ஸ் சூப்பில் காய்கறி மட்டும் மிதந்தாலும் சாறு எலும்பில் கொதித்ததாக இருக்கக்கூடும். ஆகவே, "சாறில் கறி உண்டா" என்று தனியே கேளுங்கள். வறுத்த நூடுல்ஸில் முட்டை வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டியலில் பஃப் என்றிருந்தால் அது எருமைக்கறி.

திரும்பும்போது மத்தியச் செயலகத்தில் இறங்கி ஊதாத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே கான் மார்க்கெட். அங்கே பிக் சில் கஃபேயில் தம்பிக்குப் பாஸ்தா கிடைக்கும். சனிக்கிழமை மாலை வாசலில் வரிசை நிற்கும் என்பதால் ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

பினாங்குப் பெண்: நன்றி அக்கா. சாறைப் பற்றி இந்தியில் எப்படிக் கேட்பது?

முனிர்க்கா அக்கா: "சூப் மே(ன்) மீட் ஹை க்யா?" அங்கே பலருக்கு இந்தி தெரியும்.