சாரா ஜேன் ஸ்மித்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கதிரவன்

அனைவருக்கும் வணக்கம். நானும் பன்னிரண்டு வயது மகளும் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரின் புதிய வரிசையை, 2005-இல் அது மீண்டும் தொடங்கிய இடத்திலிருந்து சேர்ந்து பார்த்து வருகிறோம். இப்போது இரண்டாவது சீசனில் 'ஸ்கூல் ரீயூனியன்' முடிந்திருக்கிறது. இரவில் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் பத்திரிகையாளர் ஒருவர், சாமான் அறையில் நிற்கும் நீலப் பெட்டியைக் கண்டு அப்படியே பின்வாங்குவார். திரும்பினால் டாக்டர் நிற்பார். அந்த இடத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர் யார்? ஏன் இப்படி உடைந்துபோகிறார்?" என்று கேட்டாள். 1970-களில் டாக்டரோடு பயணம் செய்தவர் என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

பழைய கதைகளைக் காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறாள். சாரா ஜேன் வரும் கதைகளில் எதை முதலில் காட்டலாம்? இன்னொரு தயக்கமும் இருக்கிறது. பழைய தொடரில் பெண்கள் அலறுவதற்கும் கணுக்கால் சுளுக்கி விழுவதற்கும்தான் வருவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அப்படியென்றால் அவளுக்கு ஏமாற்றமாக இருக்குமே. டாக்டரோடு எத்தனையோ பேர் பயணம் செய்திருக்க, திரும்ப அழைத்து வருவதற்கு இவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

வாணி

கதிரவன், உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. நான் இங்கிலாந்தில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபர். 1990-களில் யூகே கோல்டு அலைவரிசை பழைய கதைகளை மறுஒளிபரப்புச் செய்தபோது சாரா ஜேனைப் பார்த்துத்தான் இந்த வேலையின் மீதே எனக்குக் கண் விழுந்தது. ஆகவே நான் எழுதுவதில் பாசம் கலந்திருக்கும்.

முதலில் 'தி டைம் வாரியர்'. 1973 டிசம்பரில் தொடங்கிய நான்கு பகுதிக் கதை. ஆய்வு நிலையம் ஒன்றிலிருந்து விஞ்ஞானிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். உள்ளே பத்திரிகையாளர்களுக்கு அனுமதி இல்லை. வைரஸ் ஆய்வாளரான தன் அத்தை லவினியா ஸ்மித்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாரா நுழைந்துவிடுகிறார். பிறகு டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸில் (அந்த நீலப் பெட்டிதான்) ஒளிந்து இடைக்கால இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்கிறார். அங்கே அவர் முதலில் சந்தேகப்படுவது டாக்டரையே! விஞ்ஞானிகளைக் கடத்தியவர் இவர்தான் என்று முடிவுகட்டி, கோட்டைக்குள் ஆட்களோடு புகுந்து அவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அவருடைய முடிவு தவறு. ஆனாலும் கையில் இருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால் எந்த நிருபரும் அங்கேதான் போய் நின்றிருப்பார். கதாநாயகன் சொல்வதை அப்படியே நம்பிவிடாத ஒரு பெண்ணாக அவரை அறிமுகப்படுத்தினார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அலறல் உண்டு, மறைக்கவில்லை. சாராவாக நடித்த எலிசபெத் ஸ்லேடன் நன்றாகவே அலறுவார். அலறி முடித்ததும் அடுத்து என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' (1975) கதையில் ஒடுங்கிய குழாய்க்குள் மின்கம்பியை இழுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும். உருவத்தில் சிறியவர் என்பதால் சாராவே முன்வருகிறார். நடுவில் சிக்கிக்கொள்கிறார். மறுமுனையில் இருக்கும் டாக்டர் வேண்டுமென்றே அவரைத் திட்டித் தீர்க்க, வந்த கோபத்தில் உந்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகள் வரும், அதே ஆண்டின் 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையில் ராக்கெட்டின் சாரக்கட்டில் ஏறித் தப்பிக்கும்படி அடிமைத் தொழிலாளர்களைத் திரட்டுகிறார். முயற்சி தோற்றாலும் அதைத் தொடங்கியவர் அவர்தான். 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் துப்பாக்கி எடுத்து வெடிமருந்தைக் குறிபார்த்துச் சுடுபவரும் அவரே.

இனி அந்தக் கண்ணீருக்கு வருகிறேன். 1976 அக்டோபரில் வந்த 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்' கதையின் கடைசிச் சில நிமிடங்களைப் பார்க்காமல் அது புரியாது. குளிரும் ஈரமும் அரக்கர்களும் போதும், வீட்டுக்குப் போகிறேன் என்று சாரா கத்திவிட்டு மூட்டை கட்டப் போகிறார். டாக்டர் காதில் அது விழவே இல்லை. அதே நேரத்தில் அவருக்குத் தன் சொந்தக் கிரகமான காலிஃப்ரேயிலிருந்து அழைப்பு வருகிறது. சாராவை அங்கே அழைத்துப் போக முடியாது. மூட்டையோடு திரும்பி வரும் சாராவுக்கு, உண்மையாகவே போகத்தான் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிகிறது. கோபத்தில் சொன்னதை இனி திரும்பப் பெற முடியாது. இறங்கிப் பார்த்தால் அது அவருடைய தெருவும் இல்லை. தன் பாத்திரத்தைக் கொல்லவும் வேண்டாம், கல்யாணம் செய்து அனுப்பவும் வேண்டாம் என்று ஸ்லேடன் கேட்டுக்கொண்டார். விடைபெறும் உரையாடலை அவரும் அப்போது டாக்டராக நடித்த டாம் பேக்கரும் சேர்ந்து மாற்றி அமைத்தார்கள். அதனால்தான் அந்தப் பிரிவு எதையும் முடித்துவைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2006 ஏப்ரலில், கதாசிரியர் டோபி விட்ஹவுஸ் அந்த இடத்திலேயே கை வைக்க முடிந்தது. டாக்டர் இறக்கிவிட்ட ஊர் தன் ஊரான க்ராய்டன் அல்ல, அபர்டீன் என்று சாரா சொல்லும் வரி நகைச்சுவையாக ஒலித்தாலும் முப்பது ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது.

அனுப்பிவைத்த விதம்தான் திரும்பி வரும் வழியைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். சாராவுக்குப் பிறகு டாக்டரோடு பயணம் செய்த லீலாவைப் பாருங்கள். லூயிஸ் ஜேம்சன் அவரை அவ்வளவு கூர்மையாக நடித்திருந்தார். வேட்டைக்காரி, எவருக்கும் அஞ்சாதவர். 1978-இல் 'தி இன்வேஷன் ஆஃப் டைம்' முடியும்போது, அதுவரை ஓரிரு பார்வைகளைத் தவிர எதுவுமே நடந்திராத ஒரு காவல் அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு காலிஃப்ரேயிலேயே தங்கிவிடுகிறார். சாராவை அழைத்துப் போக முடியாத அதே காலிஃப்ரே! அந்த முடிவில் கதையும் இல்லை, லீலாவும் இல்லை. எனக்கு இன்றும் ஆற்றாமை தீரவில்லை.

செழியன்

வாணி அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் துணிச்சலான பெண்கள் சாரா ஜேனோடுதான் தொடங்கினார்கள் என்று சிறுமி நினைத்துவிடக் கூடாது.

தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பான நாள் 1963 நவம்பர் 23. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 28 வயது நிறையச் சில நாட்கள் இருந்தன. அந்த முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். டார்டிஸில் ஏறிய முதல் பெரியவர்களில் ஒருவர் வரலாற்று ஆசிரியை பார்பரா ரைட். 'தி ஆஸ்டெக்ஸ்' (1964) கதையைக் கட்டாயம் காட்டுங்கள். ஆஸ்டெக் மக்கள் பார்பராவைத் தங்கள் மறைந்த பூசாரியின் மறுபிறவி என்று எண்ணி வணங்குகிறார்கள். கிடைத்த அதிகாரத்தை வைத்து நரபலியை நிறுத்தப் பார்க்கிறார். வரலாற்றின் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று டாக்டர் தடுக்கிறார். பார்பரா பணியவில்லை, முயன்று பார்த்துத்தான் தோற்கிறார். நான்கு பகுதிகளையும் தாங்கி நிற்பவர் அவர். ஜாக்குலின் ஹில் 1980-இல் இந்தத் தொடருக்குத் திரும்பி வந்தார், ஆனால் 'மெக்லாஸ்' கதையில் லெக்ஸா என்ற வேறொரு பாத்திரமாக. பார்பராவாக அவரைத் திரும்ப அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. 1993-இல் அவர் காலமானார்.

லிஸ் ஷாவையும் மறக்க வேண்டாம். 1970-இல் வந்த கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி, கரோலைன் ஜான் நடித்தது. நான்கே கதைகள். டாக்டருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அறிவு அவருக்கு இருந்தது, அதையே குறையாகக் கருதி அடுத்த ஆண்டு அவரைத் தொடரவில்லை. விடைபெறும் காட்சிகூட இல்லை. அடுத்த சீசனின் தொடக்கத்தில், டாக்டருக்குத் தேவை சோதனைக் குழாயை எடுத்துக் கொடுத்து அவர் எவ்வளவு புத்திசாலி என்று சொல்ல ஓர் ஆள்தான் என லிஸ்ஸே சொன்னதாக, டாக்டர் வேலை செய்த ராணுவப் பிரிவின் தலைவரான பிரிகேடியர் ஒரு வரி பேசுகிறார். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார். அந்த ஒரு வரியில் எழுத்தாளர்கள் தங்கள் தேவையை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

யாழினி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 'ஸ்கூல் ரீயூனியன்' எனக்குப் பிடித்த கதைதான். ஆனால் அதில் சாரா, உனக்காகக் காத்திருந்தேன், நீ வரவில்லை, இறந்துவிட்டாய் என்று நினைத்தேன் என்கிறார். 1970-களின் சாரா அப்படிப்பட்டவர் அல்லவே? அவருக்கு வேலை இருந்தது, அத்தை இருந்தார், சொந்த வீடு இருந்தது. டாக்டரோடு இருந்தது நட்பு. முப்பது ஆண்டுகளையும் ஒரு காத்திருப்பாக மாற்றி, டாக்டரின் இப்போதைய துணைப் பயணி ரோஸோடு பழைய காதலி புதிய காதலி போலச் சண்டை போட வைத்தது அவரைச் சிறியவராக்கியது போலத் தோன்றுகிறது. இருவரும் தாங்கள் பார்த்த அரக்கர்களைப் போட்டி போட்டு அடுக்கி, கடைசியில் டாக்டரைப் பற்றிப் பேசிச் சிரிக்கத் தொடங்கும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வருவது என்றால் டாஷாவைப் போல வர வேண்டும். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் சீசனில் விண்கப்பலின் பாதுகாப்பு அதிகாரி அவர். நடிகை டெனிஸ் க்ராஸ்பி விலக விரும்பியதால் 1988-இல் 'ஸ்கின் ஆஃப் ஈவில்' கதையில் தாரைப் போன்ற ஓர் உயிரி ஒரே வீச்சில் அவரைக் கொன்றுவிடும். போராட்டமும் இல்லை, பொருளும் இல்லை. 1990-இல் 'யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்' வந்தது. வரலாறு தடம் மாறிய ஓர் உலகத்தில் டாஷா உயிரோடு இருக்கிறார். வேறொரு காலத்தில் அவர் வெறுமையான சாவு செத்தார் என்பதைக் கப்பலில் இருக்கும் கைனன் என்ற பெண் வழியாக அறிகிறார். திரும்பி வர வாய்ப்பே இல்லாத பழைய கப்பலுக்குத் தன்னை மாற்றும்படி கப்பல் தலைவர் பிகார்டிடம் தானே கேட்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுத்தாளர்கள் அவருக்குக் கொடுக்காததை அவர் தாமே எடுத்துக்கொள்கிறார். யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

வாணி

யாழினி, டாஷா பற்றி நீங்கள் சொன்னது மனத்தில் தைத்தது. காத்திருப்பு பற்றிய உங்கள் வருத்தமும் நியாயமானது. 2006-இல் சாராவின் பேச்சில் காதல் ஏக்கம் கூட்டப்பட்டிருக்கிறது என்பது உண்மை.

ஆனால் இரண்டு செய்திகளை முன்வைக்கிறேன். ஒன்று, டாக்டரைத் தேடி அவர் அந்தப் பள்ளிக்கு வரவில்லை. அங்கே ஏதோ தவறு நடக்கிறது என்று செய்தி சேகரிக்க வந்தார். டாக்டர் இல்லாவிட்டாலும் அன்று இரவு அவர் அந்தப் பூட்டைத் திறந்திருப்பார். இரண்டாவது, கதையின் திருப்பம் அவர் கையில் இருக்கிறது. பிரபஞ்சத்தையே மாற்றும் சக்தியைத் தலைமையாசிரியர் ஃபிஞ்ச் நீட்டும்போது டாக்டர் தடுமாறுகிறார். வலியும் இழப்பும் சேர்ந்ததுதான் நாம், எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு என்று சொல்லி அவரை நிறுத்துபவர் சாரா. கடைசியில் டாக்டர் கூட வரச் சொல்கிறார், அவர் மறுக்கிறார். சென்ற முறை சொல்லாத விடைபெறும் சொல்லை இந்த முறை சொல்லும்படி டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். 1976-இல் முடிவெடுத்தவர் டாக்டர், 2006-இல் முடிவெடுத்தவர் சாரா.

அதற்கு முன்னும் அவரைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள், அவை சரியாக அமையவில்லை. 1981-இல், கே-9 என்ற இயந்திர நாயோடு அவர் வந்த 'கே-9 அண்ட் கம்பெனி' ஒரே ஒரு கதையோடு நின்றது. 1983-இல் இருபதாம் ஆண்டுச் சிறப்புக் கதையான 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' அவரை ஒரு சின்னச் சரிவில் உருட்டிவிட்டுக் கயிறு போட்டு இழுக்கவைத்தது. வாரக்கணக்கில் டாலெக்குகளைச் சமாளித்தவருக்கு அந்தச் சரிவு ஒரு பொருட்டா? முகத்தை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

2007-இல் 'தி சாரா ஜேன் அட்வென்சர்ஸ்' தொடங்கியபோது ஸ்லேடனுக்கு அறுபது கடந்திருந்தது. அந்த வயதுப் பெண்ணைக் கதாநாயகியாக வைத்து ஒரு சிறுவர் தொடர்! ஈலிங்கில் பானர்மன் சாலை 13-ஆம் எண் வீடு, வளர்ப்பு மகன் லூக், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், பின்னாளில் நிருபராக விரும்பும் ராணி சந்திரா. 2010-இல் வந்த 'டெத் ஆஃப் தி டாக்டர்' கதையில், சாராவுக்கு முன் டாக்டரோடு பயணம் செய்த ஜோ கிராண்ட்டும் வருகிறார். அதன் முடிவில் பழைய துணைப் பயணிகள் என்ன ஆனார்கள் என்று சாரா விசாரித்து வைத்திருப்பதைச் சொல்கிறார்: டீகன் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் உரிமைக்குப் போராடுகிறார், பென்னும் பாலியும் இந்தியாவில் அனாதை இல்லம் நடத்துகிறார்கள், பார்பராவும் இயானும் கேம்பிரிட்ஜில் பேராசிரியர்கள். செழியன் வருந்திய பார்பராவுக்கு ஒரு வரியாவது கிடைத்தது. அந்த விவரங்களைத் தேடிச் சேர்த்தவர் ஒரு நிருபர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

2011 ஏப்ரல் 19-ஆம் தேதி ஸ்லேடன் புற்றுநோயால் காலமானார். ஐந்தாவது சீசன் மூன்று கதைகளோடு நின்றுபோனது. உங்கள் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் கதிரவன், நடுவில் தெரிந்தால் தாங்க மாட்டாள்.

கதிரவன்

மூவருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அத்தை பெயரில் உள்ளே நுழைந்த கதைதான் முதலில் வேண்டுமாம். பழைய கதைகள் மெதுவாக நகரும் என்கிறார்களே, ஒரே மூச்சில் பார்க்கலாமா?

வாணி

வேண்டாம். அவை வாரம் ஒரு பகுதியாகப் பார்க்க எழுதப்பட்டவை. ஒவ்வொரு பகுதியும் 25 நிமிடம், ஆபத்தில் தொங்கவிட்டுத்தான் முடியும். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். 'தி டைம் வாரியர்', 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்', 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்', பிறகு 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்'. டாலெக் கதை ஆறு பகுதி, போர்க்காட்சிகள் கடுமையானவை, நீங்கள் முதலில் தனியாகப் பார்த்து முடிவு செய்யுங்கள். 'தி ஆஸ்டெக்ஸ்' கறுப்பு வெள்ளை என்பதால் அவள் பழைய நடைக்குப் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்' முடிந்த மறுநாளே 'ஸ்கூல் ரீயூனியன்' கதையை இன்னொரு முறை போடுங்கள். கே-9 கதையைத் தள்ளி வையுங்கள், நாய் பிடித்துப்போனால் அவளே கேட்பாள்.