புதுப்பிப்பு: வெட்டுக்காயப் பூண்டைச் சுற்றும் குட்டிப் பட்டாம்பூச்சிகள்

தொட்டிகளுக்கு நடுவே தானாக முளைத்த வெட்டுக்காயப் பூண்டுக்கு நகம் அளவுப் பட்டாம்பூச்சிகள் வருகின்றன, பூண்டைப் பிடுங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பிடுங்கவில்லை. பலர் சொன்னபடி அவை நீலன்கள் குடும்பம்தான். தரையை ஒட்டிப் பறப்பது பேல் கிராஸ் புளூ. அதன் புழுவுக்குப் புளியாரை வேண்டும். அது தொட்டி ஓரமெல்லாம் கிடக்கிறது, இனி அதிலும் கைவைக்கப் போவதில்லை. இவற்றின் உறிஞ்சுகுழல் குட்டை என்பதால் பூண்டின் சின்னப் பூதான் வசதி. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த செம்பருத்தியைச் சீண்டுவதே இல்லை!

புதுச் செய்தி நீலப் பிளம்பேகோ செடியில். மொட்டில் எறும்பு மொய்த்ததும் மாவுப்பூச்சியோ என்று வேப்பெண்ணெயும் கையுமாகப் போனேன். கிட்டத்தில் பார்த்தால் மொட்டோடு ஒட்டிய பச்சைப் புழு, அதன் முதுகில் எறும்பு. ஜீப்ரா புளூ என்ற இன்னொரு நீலனின் புழு அது. புழு சுரக்கும் இனிப்புநீர் எறும்புக்கு, பதிலுக்கு எறும்பின் காவல் புழுவுக்கு. சரி, கொஞ்சம் மொட்டு போகட்டும்.

அப்புறம், வளர்ந்த ஜீப்ரா புளூ உட்கார்ந்ததும் பின்னிறக்கைகளை மேலும் கீழுமாகத் தேய்க்கிறது. அவற்றின் ஓரத்தில் கண் போன்ற கரும்புள்ளிகள், உணர்கொம்பு போல மெல்லிய வால். தலை என்று நம்பிப் பல்லியோ குருவியோ அங்கே கவ்வினால் இறக்கைத் துணுக்குதான் போகும். அப்படிப் பிய்ந்த இறக்கையோடு ஒன்று நேற்றும் தேன் குடித்துக்கொண்டிருந்தது.

படம் கேட்டவர்களுக்கு: காலை வெயிலில் இறக்கை விரிக்கும்போது எடுத்துப் போடுகிறேன்.