தன்மசகா, நீர்மசகா? குவாயாக மரத்துக்கு ஒரு சொல்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

குவாயாக மரத்துக்கு நீங்கள் சொன்ன ‘உயிர்மரம்’ எனக்கு ஒப்பவில்லை. அந்த மரத்தின் லிக்னம் வைட்டே என்ற லத்தீன் பெயருக்கு நேர்ப்பொருள் அதுதான். ஆனால் 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த மரத்தின் பிசினை மேகநோய்க்கு (சிபிலிஸ்) மருந்தாகக் கொடுத்ததால் வந்த பெயர் அது. அந்த வைத்தியம் எப்போதோ போய்விட்டது, பெயரை மட்டும் நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘உயிர்வேலி’ என்று பழகிய காதுக்கு ‘உயிர்மரம்’ என்றால் வெட்டாமல் நிற்கிற மரம் என்றுதான் படும். ‘இரும்புமரம்’ அதைவிடச் சிக்கல். நம் மலையில் நிற்கும் நாங்கு மரத்துக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு.

மரத்தின் பெயரைக் குவாயாகம் என்றே எழுதிவிடலாம். கரீபியக் கரைகளில் வளரும் மரம், அதன் பூ ஜமைக்காவின் தேசிய மலர். நமக்குச் சொல் தேவைப்படுவது அதன் குணத்துக்கு.

நான் எழுதுவது விசைப்படகு மெக்கானிக்குகளுக்கான கையேடு. குளச்சலிலும் முட்டத்திலும் அதைப் படிக்கப்போகிறவர்களுக்கு வள்ளம் கட்டும் அயனி மரம் தெரியும். எடையில் குவாயாகம் அயனிக்கு நேர் எதிர். தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ என்றால் இது 35 கிலோ வரும். தண்ணீரில் போட்டால் கல் மாதிரி முழுகிவிடும். நார் ஓர் அடுக்கு இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமும் சாய்ந்து பின்னிக் கிடப்பதால் பிளக்கவும் வராது. கொட்டாப்புளிக்கும் (மரச்சுத்தியல்) கப்பிக்கும் அதைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம். எல்லாவற்றுக்கும் மேலே, அதன் காதல், அதாவது நடுவில் உள்ள வைரம், முழுக்கப் பிசின். (நம் ஆசாரிமார் வாயில் இன்றும் இருக்கிற ‘காதல்’ என்ற சொல்லை அகராதியோடு விட்டுவிடக் கூடாது.) உரசிச் சூடேறினால் அந்தப் பிசின் மெழுகுபோல் கசிந்து தானே வழுக்கும். 1720-களில் ஜான் ஹாரிசன் இங்கிலாந்தில் செய்த கோபுரக் கடிகாரத்தில் எண்ணெய் விடாமலே ஓடுகிற உருளைகள் இந்த மரத்தில்தான்.

ஆகவே, ‘தன்மசகு மரம்’. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சில் பூசினார்களே, அந்த மசகு. கப்பலில் விசிறியைச் சுழற்றும் ஷாப்ட் வெளியே போகிற இடத்தில், அதைத் தாங்க இந்த மரத்தில் போட்ட புஷ்ஷுக்குத் ‘தன்மசகுப் புஷ்’ என்று வைக்கலாமா?

மறுமொழி, தக்கலையிலிருந்து:

தம்பி, மரத்துக்குச் சரி. உயிர்மரத்தை நான் விட்டுவிடுகிறேன்.

மசகு என்றால் இலங்கைக்காரர்கள் குழம்புவார்கள். அங்கே செய்தித்தாளில் ‘மசகு எண்ணெய்’ என்றால் கச்சா எண்ணெய். நம் பாடநூல்களில் லூப்ரிகேஷனுக்கு ‘உயவு’ இருக்கிறதே?

புஷ்ஷுக்குத்தான் எனக்கு உண்மையான தடை. திருகு விசிறிக் கப்பல்கள் வந்த புதிதில் பித்தளைத் தாங்கிகள் சீக்கிரம் தேய்ந்துபோயின. இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் பென் 1854-இல் காப்புரிமை வாங்கிய முறையில் இந்த மரப்பட்டிகளை இடைவெளி விட்டுப் பதித்தார்கள். அந்த இடைவெளி வழியே கடல்நீர் ஓடும். அங்கே சூடு தணிப்பதும் வழுக்கல் தருவதும் பெரும்பாலும் தண்ணீர். மரம் அதற்குத் துணை. அதைப் போய்த் ‘தன்’ என்று சொன்னால் மெக்கானிக் தண்ணீர் வேண்டாம் என்று நினைத்துவிடுவான். அப்புறம் உலர ஓட்டிப் புஷ்ஷைக் கெடுப்பான்.

மறுமொழி, நாகர்கோவிலிலிருந்து:

நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி அண்ணாச்சி. நான் கடிகாரத்தையும் கப்பலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

உயவு பற்றி: பழைய இலக்கியத்தில் அதற்கு வருத்தம் என்ற பொருளும் உண்டு. தவிர, பாடநூலுக்கு வெளியே அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘எண்ணெய்’ ஒட்டாதவரை மசகு இலங்கையிலும் குழப்பாது என்றே நம்புகிறேன்.

அதனால் இரண்டு சொல்லாகப் பிரிக்கிறேன். மரத்தின் குணத்துக்குத் ‘தன்மசகு’. புஷ்ஷுக்கு ‘நீர்மசகுப் புஷ்’. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 2003 முதல் குவாயாகப் பேரினம் முழுவதுமே அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் நாடு கடந்து விற்க முடியாது. சின்னமுட்டத்தில் அந்த மரத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் ஷாப்டில் போடும் வரிப்பள்ள ரப்பர் புஷ்ஷும் கடல்நீரில் ஓடுவதுதானே, அதற்கும் ‘நீர்மசகு’ அப்படியே பொருந்தும். கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றே திருத்திவிடுகிறேன்.