பேஸ்போலின் எழுதப்படாத விதிகளை நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

ஸ்காபரோவிலிருந்து:

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எல்லே அணியில் ஆடியவன் என்பதால், பந்தை அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடும் ஆட்டம் எனக்குக் கனடாவில் அந்நியமாகத் தோன்றவில்லை. விதிகளை ஒரு மாதத்தில் பழகிக்கொண்டேன். விதிப்புத்தகத்தில் இல்லாதவற்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை விலாவில் பந்து பட்டபோதுதான் அறிந்தேன்.

அன்று எங்கள் பூங்கா அணி ஒன்பது ஓட்டங்கள் முன்னே இருந்தது. முதல் தளத்தில் நின்ற நான், பந்துவீச்சாளர் கவனிக்காத வேளையில் இரண்டாம் தளத்துக்கு ஓடிச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில்கூட எவரும் கைதட்டவில்லை. அடுத்த முறை மட்டையுடன் நின்றபோது முதற்பந்தே விலாவைத் தாக்கியது. கை தவறி வந்த பந்தென்று நம்பி, பரவாயில்லை என்று கையசைத்தேன். இன்னிங்ஸ் முடிந்ததும் எங்கள் கேச்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்), அணியில் எல்லோருக்கும் மூத்தவர், என்னருகில் வந்து அமர்ந்தார். பெருந்தோல்வியில் இருப்பவரிடம் தளம் திருடுவது அவரை அவமதிப்பதாகும் என்றும், அந்தப் பந்து அதற்கான பதில் என்றும், கணக்கு இத்துடன் தீர்ந்ததால் இனி நான் முறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றும் பொறுமையாக விளக்கினார். கைகலப்பு மூண்டால் அணி முழுவதும் களத்துக்குள் ஓட வேண்டும், அடிப்பதற்காக அல்ல, நம்மவர் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காக என்றும் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் மனமார ஏற்றுக்கொண்டேன். ஆளைப் பந்தால் அடித்துப் பாடம் புகட்டுவதை இன்றுவரை ஏற்கவில்லை. முன்பே சொல்லியிருந்தால் நான் அன்று ஓடியிருக்கவே மாட்டேன்.

இதே கணக்கு மிகப் பெரிய அளவில் தொடங்கியதை 2015 அக்டோபர் 14 அன்று, நண்பர் வீட்டு நிலவறையில் பதினைந்து பேருடன் அமர்ந்து பார்த்தேன். 1993க்குப் பின் எங்கள் ரொறன்ரோ அணியான புளூ ஜேய்ஸ், பட்டத்துக்காகப் பருவ முடிவில் ஆடப்படும் பிளேஓஃப் சுற்றை எட்டிய முதல் ஆண்டு அது. ஐந்து ஆட்டத் தொடரின் முதலிரண்டு ஆட்டங்களைச் சொந்த மைதானத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் இழந்து, அடுத்த இரண்டையும் டெக்சஸில் வென்று, முடிவாட்டத்துக்கு அணி ரொறன்ரோ திரும்பியிருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் கேச்சர் ரசல் மார்ட்டின் பந்துவீச்சாளரிடம் திருப்பியெறிந்த பந்து ரேஞ்சர்ஸின் ஷின்-சூ சூவின் மட்டையில் பட்டு விலக, மூன்றாம் தளத்திலிருந்து அவருடைய அணித்தோழர் ரூக்னெட் ஓடோர் ஓடிவந்து ஓட்டம் எடுத்தார். முதலில் பந்து செல்லாது என்ற நடுவர், பின்னர் விதிப்படி ஓட்டம் செல்லும் என்றார். அரங்கிலிருந்து போத்தல்கள் பறந்தன. எறிந்தவர்கள் என் ஊரவர்கள் என்பதில் எனக்கு இன்றும் வெட்கமே. இன்னிங்ஸின் மறுபாதியில் ரேஞ்சர்ஸ் அடுத்தடுத்து மூன்று தவறுகள் செய்ய, ஆட்டம் 3-3 எனச் சமமானது. அப்போது எங்கள் ஹோசே பௌட்டிஸ்டா, ரேஞ்சர்ஸ் பந்துவீச்சாளர் சாம் டைசனின் பந்தை மூன்று ஓட்ட ஹோம் ரன்னாக அரங்குக்குள் அடித்து, ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டு, மட்டையைத் தூக்கி வீசினார். நாங்கள் தொண்டை கட்டும்வரை கத்தினோம். எங்களிடையே சிறுவயது முதல் பேஸ்போல் பார்த்து வளர்ந்த ஒருவர் மட்டும், மட்டையை அப்படி வீசிக் கொண்டாடுவது எதிரணிக்கு அவமதிப்பு, இதை அவர்கள் மறக்க மாட்டார்கள் என்றார்.

மறக்கவில்லை. 2016 மே 15, ரேஞ்சர்ஸின் சொந்த ஊரான ஆர்லிங்டனில், இரு அணிகளும் அந்த வழக்கமான பருவத்தில் சந்தித்த கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், ரேஞ்சர்ஸின் மட் புஷ் வீசிய பந்து பௌட்டிஸ்டாவைத் தாக்கியது. புஷ் பெருங்கழகமான மேஜர் லீக்கில் அறிமுகமாகி இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. முந்தைய அக்டோபரில் அவர் அந்த அணியிலேயே இல்லை. அணியின் கடனைப் புதிதாக வந்தவர் தோளில் சுமப்பதை அன்றுதான் கண்கூடாகக் கண்டேன். அதன்பின் இரண்டாம் தளத்தில் பௌட்டிஸ்டா கடுமையாகச் சறுக்க, ஓடோர் அவருடைய தாடையில் குத்தினார். ஓடோருக்கு 8 ஆட்டத் தடை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 7 ஆகக் குறைந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் அதே அணிகள் பிளேஓஃப்பில் மீண்டும் மோதியபோது, மறுபடி கைகலப்பு நிகழும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள், நிகழவில்லை. பந்தால் அடிக்கப்பட்டவருக்கு முதல் தளம் இலவசமாகக் கிடைக்கிறது, தோற்றால் வீடு திரும்ப வேண்டிய தொடரில் அந்தத் தளத்தைத் தானமாகக் கொடுக்க எவரும் துணிவதில்லை. மானத்துக்காகவே அடிக்கிறோம் என்று சொல்பவர்கள், அக்டோபரில் மட்டும் அந்த மானத்தை எப்படி ஒத்திவைக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அந்தத் தொடர் மூன்றாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் முடிந்தது. ஓடோர் முதல் தளத்துக்கு எறிந்த பந்து விலகிப்போக, இரண்டாம் தளத்திலிருந்து எங்கள் ஜோஷ் டொனால்ட்சன் ஓடிவந்து 7-6 என்று வென்று கொடுத்தார்.

மார்க்கத்திலிருந்து:

எனக்கு வாய்த்த பாடம் மௌனத்தைப் பற்றியது, அண்ணா. என் மகள் பந்துவீசிய ஓர் ஆட்டத்தில், ஐந்தாவது இன்னிங்ஸ்வரை எதிரணியில் ஒருவர்கூட அடித்துத் தளம் சேரவில்லை. தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கும் சாக்கில் அருகே சென்று, "ஒருத்தருக்கும் அடிக்க விடவில்லையே அம்மா" என்று சொல்லிவிட்டேன். சுற்றியிருந்த பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடி கொடுக்காத ஆட்டம் நடக்கும்போது பந்துவீச்சாளரிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரவும் கூடாது என்று மகள்தான் வீட்டுக்கு வந்தபின் சொன்னாள். பேஸ்போல் பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1956இன் ஐந்தாவது ஆட்டத்தில் டான் லார்சன் 27 பேரையும் தளம் தொடவிடாமல் வெளியேற்றிய நாளில், அவரே தம் சாதனையைப் பற்றிப் பேச்செடுத்தபோது அணித்தோழர் மிக்கி மாண்டில் எழுந்து விலகிச் சென்றாராம். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் புறப்படுபவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்காத வீட்டில் வளர்ந்த எனக்கு, இந்த ஒரு விதி உடனே புரிந்துவிட்டது.

சிக்காகோவிலிருந்து:

எதிரணி கோபப்படுவதை நான் பொறுத்துக்கொள்வேன். சொந்த அணியே கைவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2021 மே 17 அன்று எங்கள் வைட் சாக்ஸ் 15-4 என்று முன்னே இருந்தபோது, எதிரணியான மினசோட்டா ட்வின்ஸ், பந்துவீச்சாளர் அல்லாத ஒருவரை வீச விட்டது. அவர் மணிக்கு 47 மைல் வேகத்தில் போட்ட பந்தை எங்கள் யெர்மின் மெர்சிடிஸ் அரங்குக்குள் அனுப்பினார். மறுநாள் அவருடைய மேலாளர் டோனி லா ரூசா அவ்வளவு முன்னே இருந்தும் அப்படி அடித்ததற்காகப் பத்திரிகையாளர்கள் முன்னால் அவரைக் கண்டித்தார். அன்றைய ஆட்டத்தில் ட்வின்ஸ் பந்துவீச்சாளர் மெர்சிடிஸின் முதுகுப் பின்னால் பந்தெறிந்தபோதும், லா ரூசா அதில் தவறு காணவில்லை என்றே சொன்னார். அப்பருவத்தின் முதல் மாதத்தில் அணியைத் தூக்கி நிறுத்திய மட்டை அது. ஜூலைத் தொடக்கத்தில் மெர்சிடிஸ் கீழ்நிலைக் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அக்டோபரில் எங்கள் அணி பிளேஓஃப் ஆடியபோது அவர் அதில் இல்லை.