ஐந்து நிமிடம் உட்கார வைக்கத் தெரியாதவர் மேற்பார்வையாளரா?

முன்னாள் செவிலியர்: ‘திட்டமிடல்’ என்பவர் நேற்று இங்கே எழுதியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் போன்ற, வீடு தேடிப் போகும் திட்டங்களில் மேற்பார்வையாளருக்குத் தலைமைப் பண்பும் அறிக்கை எழுதுவதும் கற்றுக்கொடுத்தால் போதுமாம். பிபி பார்ப்பது தன்னார்வலர் வேலையாம். களையெடுத்துவிட்டு வேர்வையோடு வரும் அம்மாவை வாசலில் நிற்கவைத்து, ரவிக்கைக் கைக்கு மேலேயே பிபி கருவியின் பட்டையைச் சுற்றினால் 150 காட்டாமல் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் உட்கார வைக்கணும். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் எதை மேற்பார்வை பார்ப்பார்?

திட்டமிடல்: நான் சொன்னதே வேறு. மக்கள் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வழி செய்வதுதான் சுகாதார மேம்பாடு என்கிறது உலக சுகாதார நிறுவன மாநாட்டின் 1986 ஒட்டாவா சாசனம். பயிற்சி முழுக்கக் கருவியிலேயே போனால், ஊறுகாயைக் குறைக்கச் சொல்லிப் பேச யார் பழகுவது?

முன்னாள் செவிலியர்: சாசனம் இருக்கட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைப்பீர்களா, மாட்டீர்களா?

கணக்குப்பிள்ளை: வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு தெரு முடிவதற்குள் இருட்டிவிடும். மேடம் காலத்தில் செயலியில் பதிவேற்றும் தொல்லை ஏது?

முன்னாள் செவிலியர்: தம்பி, அந்த நேரத்தில் மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். போன மாதம் கொடுத்தது பிரிக்காமலே அரிசி டப்பா மேல் கிடக்கும். அதைப் பார்க்காமல் 150 என்று பதிவேற்றி யாருக்கு என்ன லாபம்?

திட்டமிடல்: அதையேதான் நானும் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் உப்பைப் பற்றிப் பேசலாமே.

முன்னாள் செவிலியர்: பேச்சுக் கொடுத்தாலே பிபி ஏறும். இதுகூடத் தெரியாமல் பயிற்சித் திட்டம் எழுத வந்துவிட்டீர்கள்! அங்கன்வாடி விவாதத்திலும் இப்படித்தான், களத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னீர்கள்.

திட்டமிடல்: பழைய சண்டையை ஏன் இழுக்கிறீர்கள்? நீங்கள் மட்டும்தான் களம் பார்த்தவரா?

கணக்குப்பிள்ளை: 2024இல் மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஐ.நா. விருதே வந்தது. எல்லாம் தப்பு என்றால் விருது எப்படி வரும்?

சுய உதவிக் குழு: விருதைச் சொல்லிக் காட்ட மட்டும் எல்லோரும் வருகிறீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரியில் தொடங்கியதிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்குவது எங்கள் பெண்கள். எங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று இங்கே ஒருவராவது கேட்டீர்களா?

முன்னாள் செவிலியர்: கேட்கிறேன், சொல்லுங்கள். உங்கள் மேற்பார்வையாளர் ஐந்து நிமிடம் உட்கார வைக்கச் சொன்னாரா?

சுய உதவிக் குழு: அவர் கேட்டதெல்லாம் இன்றைக்கு எத்தனை வீடு முடிந்தது என்பதுதான். பருத்த கைக்குப் பெரிய பட்டை கேட்டோம், இன்னும் வரவில்லை. சின்னப் பட்டை கூட்டித்தான் காட்டும்.

கணக்குப்பிள்ளை: பட்டை வாங்கித் தருவது கொள்முதல் பிரிவு. அதற்கும் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்?

முன்னாள் செவிலியர்: சம்பந்தம் தெரியாததுதான் தம்பி உங்கள் பிரச்சினை.