வர்க்கத் தட்டு மாறிக் கட்டிக்கொண்டவர்களின் கதை வேண்டும்

எம்.ஏ. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் 3 வாரமாக நகரவில்லை. இளையோர் டிஸ்டோப்பியா (ஒடுக்குமுறை மிகுந்த கற்பனைச் சமூகத்தில் நடக்கும் கதை) நாவல்களில் காதலும் வர்க்கமும் என்பது தலைப்பு. மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். காதல் கைகூடுகிறதா என்பதோடு கதைகள் நின்றுவிடுகின்றன. வேறு தட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு அன்றாடம் எப்படி இருந்தது என்பது கிடைக்கவில்லை.

முதலில் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008). எனக்குப் பொறி தட்டியதே நாயகி காட்னிஸின் அம்மாவைப் படித்தபோதுதான். மருந்துக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு சீம் என்ற ஏழைக் குடியிருப்புக்கு வந்துவிடுகிறார். கணவர் சுரங்க வெடிப்பில் இறந்ததும் அப்படியே முடங்கிப்போகிறார், பிள்ளைகள் பட்டினி. இவ்வளவும் மகளின் நினைவாகச் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அந்த அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் ‘தி செலக்‌ஷன்’ (2012). 8 படிநிலைகள், கல்யாணமானால் பெண் கணவனின் படிக்கு மாறுவாள். ஐந்தாம் படியில் பிறந்த அமெரிக்கா என்ற நாயகி, ஆறாம் படிக் காதலன் ஆஸ்பெனுக்காக இறங்கி வாழத் தயார். ஆனால் கதை அரண்மனைக்குப் போய்விடுகிறது. ‘லெஜண்ட்’ (2011) நாவலில் நாயகி ஜூன், நாயகன் டே இருவருக்குமே 15 வயதுதான், அதனால் உதவவில்லை. நெறியாளர், நூலகர் இருவரையும் கேட்டேன்; இதே பட்டியல்தான் வந்தது.

தட்டு மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இருவரின் பிந்தைய வாழ்க்கையை மையமாக வைத்த இளையோர் டிஸ்டோப்பியா நாவல் எது?