கேர்ட்டன் கல்லூரியைத் தொடங்கினது ஆர்? காட்சிப்பலகைக்கு விவரம் தேவை

மருதடியான்

வணக்கம். யாழ்ப்பாணத்தில ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்காகப் பெண்களின் உயர்கல்வி பற்றி நாலு காட்சிப்பலகை செய்யிறம். முதலாவது உடுவில் பெண்கள் பாடசாலை (1824). கடைசி கொழும்பில தொடங்கின இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி (1921). நடுவில ஒரு பலகை இங்கிலாந்தின் கேர்ட்டன் கல்லூரிக்கு. இழுபடுறது அந்தப் பலகைதான்.

ஒரு இடத்தில எமிலி டேவிஸ் தொடங்கினார் எண்டு இருக்கு, இன்னொரு இடத்தில ரெண்டு பேர், வேறொண்டில மூண்டு பேர். ஆண்டும் அப்பிடித்தான்: 1869, 1872, 1873 எண்டு மூண்டும் கிடக்குது. ஆரம்பத்தில காசு குடுத்தவையின்ர பட்டியலில நாவலாசிரியர் ஜோர்ஜ் எலியட் 50 பவுண் குடுத்தவர் எண்டு இருக்கு, அது சரியோ? பலகை ஏ2 அளவு. 120 சொல்லுக்கு மேல போனால் பிள்ளையள் வாசிக்காயினம். “கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்ற முதல் பெண்கள்” எண்டு தலைப்புப் போடுவம் எண்டு ஒரு யோசனை.

கந்தர்மடத்தார்

தம்பி, அந்தத் தலைப்பை முதலில எடுத்துப்போடுங்கோ. 1948 வரைக்கும் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் குடுக்கேல்லை. அதைப் பிறகு பாப்பம், முதலில ஆண்டுகளைத் தீர்ப்பம்.

மூண்டு ஆண்டும் சரி, ஆனால் மூண்டும் வேற வேற சங்கதி. 1869 ஒக்ரோபரில் ஹிட்சின் என்ற ஊரில், பென்ஸ்லோ ஹவுஸ் என்ற வாடகை வீட்டில், 5 மாணவிகளோடு வகுப்புத் தொடங்கியது. 1872இல் கேர்ட்டன் கல்லூரி என்ற பெயரில் சட்டப்படி பதிவானது. 1873இல் கேம்பிரிட்ஜுக்கு வெளியே கேர்ட்டன் கிராமத்தில் கட்டிய சொந்தக் கட்டடத்துக்கு மாறினார்கள். கட்டடக் கலைஞர் அல்பிரட் வோட்டர்ஹவுஸ். “தொடக்கம்” எண்டு ஒரே ஒரு ஆண்டு போட இடமிருந்தால் 1869ஐப் போடுங்கோ. ஆனால் “1869இல் கேம்பிரிட்ஜில்” எண்டு எழுதிப்போடாதேங்கோ. கனபேர் விடுற பிழை அது.

ஏன் ஹிட்சின்? லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஏறத்தாழ நடுவில, ரயில் பாதையில் இருந்த ஊர். ரெண்டு பக்கத்தாலயும் விரிவுரையாளர் வந்து போகலாம் எண்டது டேவிஸின் கணக்கு. அந்தக் காலத்தில் பல்கலைக்கழக இளைஞர் நிறைஞ்ச ஊருக்குள்ளேயே பெண்பிள்ளைகளைக் கொண்டுபோய் இருத்தினால் பெற்றோரும் காசு தாறவையும் பின்னடிப்பினம் எண்ட பயமும் சேர்ந்து இருந்தது. ஆனால் நடைமுறையில் இடிச்சது தூரம். ஒரு பாடத்துக்கு வாற ஆசிரியருக்குப் போகவரவே அரைநாள் போயிடும். கிளாசிக்ஸுக்கு (லத்தீன், கிரேக்கம்) ஈ. சி. கிளார்க், கணிதத்துக்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட், வரலாற்றில் பெயர்பெற்ற ஜே. ஆர். சீலி போன்றவர்கள் அப்படி வந்து படிப்பித்தவர்கள்தான். ஆதரவாளர் எண்டால் காசு குடுத்தவையை மட்டும் எண்ணாமல் இவையையும் எண்ணவேணும். கல்லூரிக்குச் சொந்தமாகப் பேராசிரியர் ஒருவரும் இல்லாத காலம் அது.

கடைசியில எடுத்த காணியும் ஊருக்குள்ள இல்லை. கேம்பிரிட்ஜிலிருந்து ரெண்டு மைலுக்குக் கொஞ்சம் கூட. எங்கட கணக்கில யாழ் நகரிலிருந்து திருநெல்வேலிச் சந்திக்குப் போற தூரம் மாதிரி.

ஓலைச்சுவடி

தொடங்கினவர் ஆர் எண்ட கேள்விக்கு: திட்டமும் உழைப்பும் எமிலி டேவிஸ் (1830–1921). 1867 டிசம்பரில் முதல் குழுவைக் கூட்டினவர் அவர்தான். முதல் பெருந்தொகை பாபரா பொடிஷோன் (1827–1891), 1,000 பவுண். ஆக, இணை நிறுவுநர் எண்டு ரெண்டு பெயரையும் சேர்த்துப் போடுறதுதான் நியாயம்.

சில இடத்தில பொடிஷோன் விடுபட்டுப் போறதுக்குக் காரணம் இருக்கு. 1866இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பாராளுமன்றத்துக்குப் போன மனுவுக்குப் பின்னால நிண்டவர் அவர். அந்தப் பெயரைக் கல்லூரிக்கு முன்னால போட்டால் பாதிரிமாரும் பிரபுக்களும் ஒதுங்குவினம் எண்டு டேவிஸ் பயந்தார். அதனால முதல் குழுவில அவரைச் சேர்க்கேல்லை. இத்தனைக்கும் அதே மனுவைப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோன் ஸ்டூவர்ட் மில்லிடம் கொண்டுபோய்க் குடுத்தது டேவிஸும் எலிசபெத் கரெட்டும்! காசை வாங்கிக்கொண்டு பெயரைப் பின்னுக்கு வைச்ச கதை எண்டு சொன்னாலும் பிழையில்லை. அதுக்குப் பிறகும் பொடிஷோன் கையை எடுக்கேல்லை. இறக்கும்போது இன்னுமொரு 10,000 பவுண் எழுதிவைச்சிட்டுப் போனார்.

மூண்டாவது பெயர் ஆல்டர்லி பிரபுவின் மனைவி ஹென்றியெட்டா ஸ்டான்லி. கணவர் 1869இல் இறந்தபிறகுதான் வெளிப்படையாக இறங்கினார். கல்லூரியின் முதல் நூலகத்துக்கு அவர் பெயர்தான். கல்லூரிக்குள் தேவாலயம் கட்டுறதை விடாமல் எதிர்த்தவரும் அவர். அவர் 1895இல் காலமான பிறகுதான் அந்தத் தேவாலயம் எழும்பியது. நூலகத்தில வைக்கிற பலகை எண்டபடியால் இவருக்கு ஒரு வரி குடுங்கோ.

ஜோர்ஜ் எலியட் 50 பவுண் குடுத்தது உண்மை. பட்டியலில் தன் பெயரில் இல்லை, “ரொமோலா நாவலின் ஆசிரியர்” எண்டே குடுத்தவர். மறுத்தவையும் இருந்தவை: அப்ப நல்லா விற்பனையான நாவலாசிரியர் சார்லட் யங், பெண்பிள்ளைகளைக் கூட்டமாக வைச்சுப் படிப்பிக்கிறதில தனக்கு உடன்பாடில்லை எண்டு ஒதுங்கினார். கேட்ட தொகை 30,000 பவுண், தொடக்கத்தில சேர்ந்தது அதில சிறு பங்குதான். வாடகை வீட்டில தொடங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பலகையில இன்னொரு பொறி: “பவுண்”. எங்கட பிள்ளையள் நகைக் கணக்கில 8 கிராம் எண்டு வாசிப்பினம். ஆனால் இந்த இடத்தில அது முழுப் பிழையும் இல்லை. அந்தக் காலத்து ஒரு ஸ்டேர்லிங் பவுண் நாணயமே 7.98 கிராம் சொச்சம் 22 கரட் தங்கம். எங்கட பவுண் கணக்கு வந்ததே அந்தக் காசிலிருந்து. ஆக ஜோர்ஜ் எலியட்டின் 50 பவுண் கிட்டத்தட்ட 400 கிராம், பொடிஷோனின் முதல் 1,000 பவுண் கிட்டத்தட்ட 8 கிலோ தங்கம். இண்டைய ரூபாயில மாத்திப் போடாதேங்கோ, அடுத்த வருசமே பிழைச்சுப்போம். தங்கத்தின் நிறையைப் போட்டால் மாறாது, பார்த்த உடனயும் விளங்கும்.

சீனியர் கேம்பிரிட்ஜ்

பரீட்சைப் பக்கத்தை ஒருத்தரும் தொடேல்லை. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது.

அந்த நேரம் ரெண்டு வழி இருந்தது. பெண்களுக்கெண்டு தனிப் பரீட்சை, தனிப் பாடத்திட்டம் வைப்பம் எண்டது ஒரு பகுதி. ஆண்கள் எழுதுற அதே தாள், அதே காலக்கெடு எண்டது டேவிஸ். தனிப் பரீட்சை எண்டால் அதைத் தரம் குறைஞ்சதெண்டே உலகம் எடுக்கும் எண்டு அவர் நினைச்சார். 1871இல் ஹென்றி சிட்ஜ்விக் எடுத்த வீட்டில் ஆன் கிளஃப் 5 மாணவிகளோடு தொடங்கியதுதான் பிறகு நியூனம் கல்லூரி. அங்கே விருப்பப்படி பாடம் எடுக்கலாம். கேர்ட்டனையும் நியூனத்தையும் ஒரே இயக்கம் எண்டு எழுதிப்போடாதேங்கோ, ரெண்டும் இந்தக் கேள்வியில எதிரும் புதிரும்.

டேவிஸின் பிடிவாதத்துக்கு விலையும் இருந்தது. “லிட்டில் கோ” எண்ட முதல் தேர்வில் லத்தீன், கிரேக்கம், யூக்ளிட்டின் வடிவியல், பேலியின் கிறிஸ்தவ சமய வாதங்கள் எல்லாம் உண்டு. ஆண்பிள்ளைகள் லத்தீனும் கிரேக்கமும் பள்ளியிலேயே படிச்சிட்டு வருவினம். பெண்பிள்ளைகளுக்கு அது அடியிலிருந்து தொடங்கவேண்டிய வேலை. சிறப்புத் தேர்வான ட்ரைபோஸுக்கு ஒதுக்கவேண்டிய காலத்தை அது திண்டது. அப்பிடியிருந்தும் வூட்ஹெட், குக், லம்ஸ்டன் எண்ட மூவர் 1873க்குள்ள ட்ரைபோஸ் தாள்களை எழுதித் தேறினவை. பல்கலைக்கழகத்துக்கு அதில ஒரு கடமையும் இல்லை. பரீட்சகர்கள் தாங்களாக இசைஞ்சு தாளைப் பார்த்துக் குடுத்தவை. அவையும் ஆதரவாளர்தான்!

1880இல் கேர்ட்டனின் சார்லட் ஸ்கொட் கணிதத்தில் எட்டாம் இடத்துக்குச் சமமாக வந்தார், ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. அடுத்த வருசம், 1881இல்தான், ட்ரைபோஸ் எழுதும் உரிமை முறைப்படி கிடைச்சது. பட்டமில்லை, சான்றிதழ். 1897இல் பட்டம் கேட்டு வந்த தீர்மானம் பெரும் வித்தியாசத்தில தோற்றது. 1921இல் பெயரளவுப் பட்டம், அதாவது பட்டப் பெயர் மட்டும், பல்கலைக்கழகத்தில முழு உரிமை இல்லை. முழு உரிமை 1948.

இதை உங்கட கடைசிப் பலகையோட பொருத்திப் பாருங்கோ. கொழும்பின் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் தொடங்கி லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பிச்சது. லண்டன் 1878இலேயே பெண்களுக்குப் பட்டத்தைத் திறந்துவிட்டது. ஆகவே 1930களில் கொழும்பில் தேறின யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு முழுப் பட்டம். அதே ஆண்டு கேர்ட்டனில் தேறின ஆங்கிலேயப் பெண்ணுக்குப் பெயரளவுப் பட்டம். கேர்ட்டன் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் நடுவில இந்த வரியைப் போடுங்கோ.

மருதடியான்

எல்லாருக்கும் நன்றி. பலகைக்கு எழுதினது இது, பிழை இருந்தால் சொல்லுங்கோ:

“கேர்ட்டன் கல்லூரி. நிறுவுநர்: எமிலி டேவிஸ், பாபரா பொடிஷோன். 1869இல் ஹிட்சினில் 5 மாணவிகள். 1873இல் கேம்பிரிட்ஜ் அருகே சொந்தக் கட்டடம். உலகின் முதல் பெண்கள் பல்கலைக்கழகக் கல்லூரி.”

கந்தர்மடத்தார்

கடைசி வசனம் நிக்காது. அமெரிக்காவில வாசர் கல்லூரி 1865இலேயே வகுப்பைத் தொடங்கியிட்டுது. இங்கிலாந்துக்குள்ள பார்த்தாலும் லண்டனில் எலிசபெத் ஜெசர் ரீட் 1849இல் தொடங்கின பெட்ஃபோட் கல்லூரி முந்தினது. அவர் 1,500 பவுண் குடுத்து பெட்ஃபோட் சதுக்கத்து வீடொண்டில ஆரம்பிச்சவர். “பல்கலைக்கழகப் பட்ட மட்டத்தில் தங்கிப் படிக்கும் இங்கிலாந்தின் முதல் பெண்கள் கல்லூரி” எண்டு மாத்துங்கோ. நீளம்தான், ஆனால் ஒருத்தரும் குறை பிடிக்கேலாது. இடம் காணாட்டில் “தங்கிப் படிக்கும்” எண்ட சொல்லை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

ஓலைச்சுவடி

ஸ்டான்லியின் வரியைக் காணேல்லையே தம்பி? 120 சொல்லில இன்னும் கனக்க மிச்சம் இருக்கு.